தண்டனை தவறுக்கா, விளைவுக்கா? ஃபார்முலா 1 பட்டப் போட்டியும் பந்தய நடுவர்களின் தீர்ப்புகளும்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் 2025-ஆம் ஆண்டுக்கான உலக சாம்பியன் பட்டம் இரண்டே புள்ளிகள் வித்தியாசத்தில் முடிவாகியுள்ளது. டிசம்பர் 7-ஆம் தேதி அபுதாபியில் நடைபெற்ற இறுதிப் பந்தயத்தில் நெதர்லாந்து வீரர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முதலிடம் பெற்றார். ஆயினும், மூன்றாவதாக வந்த பிரிட்டன் வீரர் லாண்டோ நோரிஸ் 423 புள்ளிகளுடன் பட்டத்தை வென்றார். வெர்ஸ்டாப்பனுக்குக் கிடைத்தவை 421 புள்ளிகள். நோரிஸுடன் மெக்லாரன் அணியில் இடம்பெற்ற ஆஸ்திரேலிய வீரர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 410 புள்ளிகளுடன் மூன்றாமிடம் பெற்றார்.

இவ்வளவு குறுகிய வித்தியாசத்தில் ஒரு பருவம் முடியும்போது, ரசிகர்கள் பழைய பந்தயங்களின் கணக்கைப் புரட்டத் தொடங்குவது வழக்கம். இம்முறை அவர்களின் பார்வை முதலில் சென்றது ஜூன் 1-ஆம் தேதி நடைபெற்ற ஸ்பெயின் பந்தயத்தின் மீது. அங்கு, பிரிட்டன் வீரர் ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு இடத்தை விட்டுக்கொடுக்குமாறு வெர்ஸ்டாப்பனுக்கு அவரது அணி வானொலி மூலம் அறிவுறுத்தியது. வேகத்தைக் குறைத்த அவர், ரஸ்ஸல் முந்தத் தொடங்கியதும் திடீரென வேகமெடுத்து அவரது கார் மீது மோதினார். நடுவர்கள் 10 விநாடி தண்டனை விதித்தனர். ஐந்தாவதாக வந்த வெர்ஸ்டாப்பன் பத்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 10 புள்ளிகள் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிதான் கிடைத்தது. அன்று இழந்தவை ஒன்பது புள்ளிகள். பட்டம் கைநழுவியது இரண்டு புள்ளிகளில்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜூலை 6-ஆம் தேதி சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த பியாஸ்ட்ரி, பாதுகாப்பு காரின் பின்னால் செல்லும்போது சீரற்ற முறையில் பிரேக் பிடித்தார் என்று கூறி அவருக்கும் 10 விநாடி தண்டனை விதிக்கப்பட்டது. வெற்றி நோரிஸுக்குச் சென்றது. அந்தத் தண்டனை இல்லாமல் இருவரும் இடம் மாறி முடித்திருந்தார்கள் எனக் கொண்டால், பருவத்தின் இறுதியில் பியாஸ்ட்ரிக்கு 417, நோரிஸுக்கு 416 புள்ளிகள் இருந்திருக்கும். 421 புள்ளிகளுடன் வெர்ஸ்டாப்பன் சாம்பியன் ஆகியிருப்பார். அதாவது, பியாஸ்ட்ரிக்கு விதிக்கப்பட்ட தண்டனையால் மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தவர், அந்தச் சம்பவத்தில் குற்றம் சாட்டப்படாத வெர்ஸ்டாப்பன் என்றும் வாதிடலாம்.

இத்தகைய கணக்குகள் சுவையானவை. ஆனால் தண்டனை நியாயமானதா என்ற கேள்விக்கு அவை விடை தருவதில்லை. ஓர் ஓட்டுநரின் தவற்றை எடைபோடும்போது அது என்ன விளைவை ஏற்படுத்தியது என்பதையும் நடுவர்கள் கணக்கில் கொள்ள வேண்டுமா, கூடாதா என்பதே அடிப்படைக் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டு ஓட்டுநர் ஒருவர் பட்டப் போட்டியின் நடுவே சிக்கிக்கொண்ட 2012-ஆம் ஆண்டுப் பருவத்தைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

செபாங்கில் நடந்தது

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர். 2005-இல் ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கிய அவர், ஆறு கார்கள் மட்டுமே பந்தயத்தில் ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் நான்காமிடம் பெற்று ஐந்து புள்ளிகள் ஈட்டினார். 2012-இல் அவர் ஸ்பெயினைச் சேர்ந்த எச்.ஆர்.டி. அணியில் இருந்தார். மூன்று பருவங்கள் போட்டியிட்டும் ஒரு புள்ளிகூடப் பெறாமல் மறைந்துபோன அணி அது. வரிசையின் கடைசியில் ஓடும் காரில், முன்னணி ஓட்டுநர்களுக்கு வழிவிடுவதே அவரது அன்றாட வேலையாக இருந்தது.

மார்ச் 25-ஆம் தேதி மலேசியாவின் செபாங்கில் மழை கொட்டியது. பந்தயம் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தப்பட்டபோது, தொடக்கத்திலேயே மழைக்கால டயர்களைத் தேர்ந்தெடுத்திருந்த கார்த்திகேயன் பத்தாம் இடத்தில் இருந்தார். எச்.ஆர்.டி. காருக்கு அது நம்பமுடியாத உயரம். பந்தயம் மீண்டும் தொடங்கியபின் முன்னாள் சாம்பியன் ஜென்சன் பட்டன் அவரது கார் மீது மோதித் தமது முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். தவறு தம்முடையதே என்று பட்டன் ஒப்புக்கொண்டார்.

பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் நடந்த இரண்டாவது மோதல்தான் செய்தியானது. நான்காமிடத்தில் இருந்த நடப்பு சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல், கார்த்திகேயனை ஒரு சுற்று முந்திக் கடக்கும்போது, வெட்டலின் பின் டயர் கார்த்திகேயனின் முன் இறக்கையில் உரசிக் கிழிந்தது. வெட்டல் 11-ஆவதாக முடித்தார். முதல் பத்து இடங்களுக்கு மட்டுமே புள்ளிகள் என்பதால், கையிலிருந்த 12 புள்ளிகளும் போயின. கார்த்திகேயன் தவிர்த்திருக்கக்கூடிய மோதலை ஏற்படுத்தினார் என்று தீர்மானித்த நடுவர்கள், அவரது பந்தய நேரத்துடன் 20 விநாடிகளைச் சேர்த்தனர். 21-ஆவது இடத்திலிருந்து அவர் 22-ஆவது இடத்துக்கு, அதாவது தம் அணித் தோழர் பெத்ரோ தெ லா ரோசாவுக்குப் பின்னால், சென்றார்.

வெட்டல் அவரைக் கடுமையாக ஏசினார். ஜெர்மன் பேச்சுவழக்கில் திறமையற்ற ஓட்டுநரைக் குறிக்கும் வெள்ளரிக்காய் என்ற சொல்லையும் பயன்படுத்தினார். உலக சாம்பியன் சிறுபிள்ளை போல அழுகிறார் என்ற பொருளில் கார்த்திகேயன் பதிலளித்தார். இந்தியச் செய்தித்தாள்களுக்கு இந்தச் சொற்போரே போதுமானதாக இருந்தது. தண்டனை சரியா என்பதை விவாதித்தவர்கள் குறைவு.

ஒரு சுற்று பின்தங்கிய ஓட்டுநருக்கு நீலக் கொடி காட்டப்படும். பின்னால் வரும் வேகமான காருக்கு முதல் வாய்ப்பிலேயே வழிவிட வேண்டும் என்பது அதன் பொருள். ஈரம் காயாத தடத்தில் வழிவிடுவது எளிதன்று. உலர்ந்த பாதை ஒரு கார் செல்லும் அகலமே இருக்கும்; அதைவிட்டு விலகினால் டயர் வழுக்கும். முந்திச் செல்பவரும் முழுமையாகக் கடந்துவிட்டோம் என்பதை உறுதிசெய்த பின்னரே உள்பக்கம் திரும்ப வேண்டும். இந்த மோதலில் இருவருக்கும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கொடி கார்த்திகேயனுக்கு எதிராக இருந்தது என்பதால் நடுவர்கள் அவர் பக்கம் சாய்வதற்கு இடமில்லாமல் போயிருக்கலாம். தம் மீது தவறில்லை என்று அவர் கூறியதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய இயலவில்லை. பிட் லேன் வழியே மெதுவாக ஓட்டிச் செல்லும் தண்டனையும், பந்தயத்துக்குப் பின் அதற்கு ஈடாகச் சேர்க்கப்படும் விநாடிகளும் மேல்முறையீட்டுக்கு உரியவை அல்ல.

இங்கு ஒரு முரண் உண்டு. வெட்டல் இழந்தவை பட்டத்தை மாற்றக்கூடிய 12 புள்ளிகள். கார்த்திகேயன் இழந்தது ஓரிடம். புள்ளிக் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம். விளைவை வைத்துப் பார்ப்பவருக்கு இத்தண்டனை கேலிக்கூத்தாகத் தோன்றும். செயலை வைத்துப் பார்ப்பவருக்கோ, தெளிவற்ற ஓர் உரசலுக்கு 20 விநாடி என்பது மிகையாகத் தோன்றும்.

அதே உரசல், வேறு தீர்ப்பு

ஆறு மாதங்களுக்கும் மேல் கழித்து, அக்டோபர் 7-ஆம் தேதி ஜப்பானின் சுசூக்காவில் ஏறத்தாழ இதே காட்சி அரங்கேறியது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஸ்பெயின் வீரர் ஃபெர்னாண்டோ அலோன்சோ, பந்தயம் தொடங்கிய சில விநாடிகளில் பக்கவாட்டில் நகர்ந்தார். அவரது பின் டயர், அருகே வந்த கிமி ரைக்கோனனின் முன் இறக்கையில் பட்டுக் கிழிந்தது. முதல் வளைவிலேயே அலோன்சோவின் பந்தயம் முடிந்தது. அன்று வெட்டல் வென்றார். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 194-க்கு 190 என நான்கு புள்ளிகளாகச் சுருங்கியது.

ரைக்கோனனுக்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. அது சரியான முடிவே. தொடக்க நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒரே வளைவை நோக்கிப் பாயும்போது, இருவருக்கும் சம உரிமை உண்டு. நீலக் கொடி அங்கு இல்லை. ஆயினும் முன் இறக்கையும் பின் டயரும் உரசிய விதம் ஒன்றே. பாதிக்கப்பட்டவர் பட்டப் போட்டியாளர் என்பதும் ஒன்றே. ஒருவருக்குத் தண்டனை, மற்றவருக்கு இல்லை என்பதற்கான காரணத்தைச் சூழலில்தான் தேட வேண்டும், விளைவில் தேடக் கூடாது. இந்த வேறுபாட்டை நடுவர்கள் அன்று விரிவாக எழுதி விளக்கியிருந்தால், பின்வரிசை ஓட்டுநர் என்பதால்தான் கார்த்திகேயன் தண்டிக்கப்பட்டார் என்ற பேச்சுக்கு இடமிருந்திருக்காது.

அதே பருவத்தில் நடுவர்கள் இந்தக் கொள்கையிலிருந்து விலகிய தருணமும் உண்டு. செப்டம்பர் 2-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், பந்தயம் தொடங்கியவுடன் பிரான்ஸ் வீரர் ரொமேன் குரோஷான் பக்கவாட்டில் நகர்ந்து லூயிஸ் ஹாமில்டனை நெருக்கினார். சக்கரங்கள் பின்னிக்கொண்டன. குரோஷானின் கார் காற்றில் எழும்பி அலோன்சோவின் தலைக்கு மிக அருகே பறந்து சென்றது. அலோன்சோ, ஹாமில்டன், செர்ஜியோ பெரெஸ் ஆகியோர் வெளியேறினர். குரோஷானுக்கு ஒரு பந்தயத் தடையும் 50,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டன.

மற்றவர்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய கடுமையான விதிமீறல் என்று நடுவர்கள் தங்கள் முடிவில் குறிப்பிட்டனர். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால், பட்டப் போட்டியில் முன்னணியில் இருந்தவர்களை அந்த மோதல் வெளியேற்றியது என்பதையும் அவர்கள் சேர்த்து எழுதினர். சர்ச்சை எழுந்தது இந்த வாசகத்தில்தான். குரோஷான் மோதியது கடைசி வரிசையில் இருந்த எச்.ஆர்.டி. கார் மீது என்றால் தடை வந்திருக்காதா? அலோன்சோவின் தலை கார்த்திகேயனின் தலையைவிட விலை மதிப்புள்ளதா? அந்த ஒரு வாக்கியம் இல்லாமலே தடை முற்றிலும் நியாயமானது. வாக்கியத்தைச் சேர்த்ததால், சரியான தீர்ப்புக்குத் தவறான காரணம் ஒன்று ஒட்டிக்கொண்டது.

விளைவைக் கணக்கில் கொள்ளாவிட்டால்

விளைவைப் பார்க்கக் கூடாது என்ற கொள்கையைக் கடைப்பிடிப்பதும் எளிதன்று. 2021 ஜூலை 18-ஆம் தேதி சில்வர்ஸ்டோனில், அதிவேக வளைவான காப்ஸில் ஹாமில்டனின் முன் சக்கரம் வெர்ஸ்டாப்பனின் பின் சக்கரத்தில் பட்டது. புவியீர்ப்பு விசையைப் போல 51 மடங்கு விசையுடன் தடுப்பில் மோதிய வெர்ஸ்டாப்பன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஹாமில்டனுக்கு 10 விநாடி தண்டனை. அதை ஈடுகட்டி, அன்றைய பந்தயத்தை அவரே வென்றார். தண்டிக்கப்பட்டவருக்கு 25 புள்ளிகள், பாதிக்கப்பட்டவருக்கு எதுவுமில்லை.

ரெட்புல் அணி கொதித்தது. சம்பவத்தை மட்டுமே நடுவர்கள் பார்க்கின்றனர். அதன் பின்விளைவுகளைப் பார்ப்பதில்லை என்பது பல ஆண்டுகளாகப் பின்பற்றப்படும் நடைமுறை என்று அப்போதைய பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி விளக்கமளித்தார். அந்த விளக்கம் பலருக்கு நிறைவளிக்கவில்லை.

ஆனால் மாற்று வழியை எண்ணிப் பார்த்தால் அதன் ஆபத்து புலப்படும். விளைவே அளவுகோல் எனில், ஒரே தவறு மணல் பரப்பில் முடிந்தால் ஐந்து விநாடி, சுவரில் முடிந்தால் தடை என்றாகும். சுவர் எங்கே இருக்கிறது என்பது ஓட்டுநரின் குற்றமன்று. மேலும், மோதப்பட்டவர் பட்டப் போட்டியாளரா என்பது தண்டனையைத் தீர்மானிக்குமானால், முன்னணி வீரர்களைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் உருவாகிவிடும். அவர்களை நெருங்கவே மற்றவர்கள் அஞ்சுவர். அது பந்தயமாக இராது.

தண்டனையின் அளவு பற்றிய சிக்கல்

2012-இல் நடுவர்களுக்கு இருந்த மற்றொரு குறை, அவர்கள் கையிலிருந்த படிக்கற்கள் மிகப் பெரியவை என்பது. பிட் லேன் வழியே ஓட்டும் தண்டனையே பொதுவாக விதிக்கப்படும் மிகச் சிறிய தண்டனை. பந்தயத்தின் கடைசி ஐந்து சுற்றுகளிலோ பந்தயம் முடிந்த பின்னரோ அதை விதிக்க நேர்ந்தால், ஈடாக 20 விநாடிகள் சேர்க்கப்படும்.

ஜூலை 22-ஆம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் வெட்டலே இதற்கு இரையானார். தடத்தைவிட்டு வெளியே சென்று பட்டனை முந்தி இரண்டாமிடம் பெற்ற அவருக்கு 20 விநாடிகள் சேர்க்கப்பட்டன. 18 புள்ளிகள் 10 ஆகக் குறைந்து ஐந்தாமிடம் கிட்டியது. செய்த தவறு ஓரிடத்தை முறைகேடாகப் பெற்றது. அந்த ஓரிடத்தைப் பறித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஐந்து விநாடியோ பத்து விநாடியோ சேர்க்கப்பட்டிருந்தால் அவர் மூன்றாவதாக முடித்து மூன்று புள்ளிகளை இழந்திருப்பார். எட்டுப் புள்ளிகளை இழந்ததற்குக் காரணம், சிறிய படிக்கல் அப்போது இல்லாததே. ஐந்து விநாடி தண்டனை 2014-இல்தான் அறிமுகமானது.

அதே ஆண்டில் ஓட்டுநர் உரிமத்தில் தண்டனைப் புள்ளிகள் சேர்க்கும் முறையும் வந்தது. 12 மாதங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. பத்தாண்டுகள் கழித்து, 2024-இல் டென்மார்க் வீரர் கெவின் மேக்னசன் இம்முறையின்கீழ் தடைபெற்ற முதல் ஓட்டுநர் ஆனார். 2025 ஸ்பெயின் மோதலுக்காக வெர்ஸ்டாப்பனுக்கு மூன்று புள்ளிகள் வழங்கப்பட்டபோது அவரது கணக்கு 11-ஐத் தொட்டது. இன்னொன்று சேர்ந்திருந்தால், இரண்டு புள்ளியில் முடிந்த பட்டப் போட்டியில் அவர் ஒரு பந்தயத்தையே இழந்திருப்பார்.

தண்டனையை விரும்பிப் பெற்ற அணியும் உண்டு என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2012 நவம்பரில் அமெரிக்காவின் ஆஸ்டின் பந்தயத்தில், அலோன்சோவுக்கு முன்னால் தகுதி பெற்றிருந்த தன் மற்றொரு ஓட்டுநர் ஃபிலிப்பே மாசாவின் கியர்பாக்ஸ் முத்திரையை ஃபெராரி அணி வேண்டுமென்றே உடைத்தது. விதிப்படி மாசா ஐந்து இடங்கள் பின்னே தள்ளப்பட, அலோன்சோ எட்டிலிருந்து ஏழாம் இடத்துக்கு முன்னேறினார். முன்னேறியது ஓரிடம் மட்டுமன்று. தடத்தின் தூசி படிந்த பக்கத்திலிருந்து சுத்தமான பக்கத்துக்கு மாறினார் என்பதே ஆதாயம். விதி எதுவும் மீறப்படவில்லை. தண்டனை விதியே கருவியாயிற்று.

அந்தப் பந்தயத்தில் கார்த்திகேயனின் பெயர் மறுபடியும் அடிபட்டது. முன்னிலையில் இருந்த வெட்டல், கார்த்திகேயனை ஒரு சுற்று முந்தும்போது வளைவுகளில் சற்றே தாமதமானார். அந்த நொடிகளில் நெருங்கிய ஹாமில்டன் அவரை முந்தி வென்றார். வெட்டலுக்கு ஏழு புள்ளிகள் குறைந்தன. கார்த்திகேயன் தண்டிக்கப்படவில்லை. தொடர்ச்சியான வளைவுகளின் நடுவே ஒதுங்க இடமில்லை என்பதே காரணம். செபாங்கில் உரசல் இருந்தது, ஆஸ்டினில் இல்லை. அதனால் விளைவு மட்டும் தண்டனையாக மாறவில்லை.

பருவத்தின் முடிவில் வெட்டல் 281, அலோன்சோ 278. பிரேசிலில் நடந்த இறுதிப் பந்தயத்தில் வெட்டல் மஞ்சள் கொடி காட்டப்பட்ட பகுதியில் மற்றொரு காரை முந்தினார் என்று காணொளி ஒன்று பரவியது. அது உண்மையாகி 20 விநாடிகள் சேர்க்கப்பட்டிருந்தால், ஆறாவதாக வந்த அவர் எட்டாம் இடத்துக்கு இறங்கி, 277 புள்ளிகளுடன் பட்டத்தை இழந்திருப்பார். ஃபெராரி அணி பன்னாட்டு வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.விடம் விளக்கம் கோரிக் கடிதம் எழுதியது. முந்துவதற்கு முன் பச்சைக் கொடி காட்டப்பட்டிருந்தது என்று கூட்டமைப்பு பதிலளித்ததும் ஃபெராரி அத்துடன் நிறுத்திக்கொண்டது. கொடி அசைக்கும் ஊழியர் ஒருவரின் கையசைவில் ஓர் உலகப் பட்டம் நின்றது.

யார் இந்த நடுவர்கள்?

ஸ்டூவர்ட்ஸ் எனப்படும் பந்தய நடுவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனித்தனியே நியமிக்கப்படுகின்றனர். 2010 முதல் அவர்களில் ஒருவர் முன்னாள் பந்தய ஓட்டுநராக இருப்பது வழக்கமாகியுள்ளது. சந்தேகத்துக்குரிய சம்பவத்தைப் பந்தய இயக்குநர் அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவார், முடிவெடுப்பது நடுவர்களே. பல கோணக் காணொளிகள், காரின் வேகம், பிரேக், திருப்பு விசை பற்றிய மின்னணுத் தரவுகள், அணி வானொலி உரையாடல் ஆகிய அனைத்தும் அவர்கள் முன் இருக்கும். ஆனால் அவர்கள் ஊதியம் பெறும் முழுநேரப் பணியாளர்கள் அல்லர். ஆண்டு முழுவதும் ஒரே குழு பணியாற்றுவதில்லை என்பதால், ஒரு நாட்டில் தண்டிக்கப்பட்ட செயல் அடுத்த நாட்டில் மன்னிக்கப்படுகிறது என்ற குறை நெடுங்காலமாகவே உண்டு. முழுநேர நடுவர்கள் வேண்டும் என்று ஓட்டுநர்கள் கோருவதும் இதனால்தான்.

இக்குறையை ஓரளவு போக்க, நடுவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை எஃப்.ஐ.ஏ. 2025 ஜூன் மாதம் பொதுவெளியில் வெளியிட்டது. வளைவு யாருக்குச் சொந்தம் என்ற பழைய தகராற்றுக்கு அவை அளவுகோல் தருகின்றன. உள்பக்கமாக முந்துபவரின் முன் அச்சு, வளைவின் உச்சியை எட்டும் முன்னரும் எட்டும்போதும், மற்றவரது காரின் பக்கக் கண்ணாடி அளவுக்காவது வந்திருக்க வேண்டும். வெளிப்பக்கமாக முந்துபவருக்கு நிபந்தனை கடுமையானது: வளைவின் உச்சியில் அவரது முன் அச்சு மற்றவரின் முன் அச்சைத் தாண்டியிருக்க வேண்டும்.

மலைச்சாலையில் பயணிப்பவர்களுக்கு இதன் தேவை எளிதில் விளங்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் வித்துராவைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குறுகலான இடத்தில் இரு வாகனங்கள் எதிர்ப்பட்டால், இறங்கும் வாகனம் நின்று, ஏறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. யார் திறமையான ஓட்டுநர், யார் பெரிய வாகனம் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. எங்கே எது முன்னுரிமை பெறுகிறது என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். பந்தயத் தடத்தில் இருவரும் ஒரே திசையில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வளைவை எட்டுகின்றனர் என்பது மட்டுமே வேறுபாடு.

ஆயினும் அளவுகோல் வந்துவிட்டதால் சண்டை ஓய்ந்துவிடவில்லை. நவம்பர் 9-ஆம் தேதி பிரேசிலின் இன்டர்லாகோஸ் பந்தயத்தில், உள்பக்கமாக நுழைந்த பியாஸ்ட்ரி இத்தாலிய வீரர் கிமி அந்தோனெல்லி மீது மோதினார். அந்தோனெல்லியின் கார் சார்லஸ் லெக்லெர்க் மீது சாய, லெக்லெர்க் வெளியேறினார். உரிய அளவுக்குப் பக்கவாட்டில் வரவில்லை என்று கூறிப் பியாஸ்ட்ரிக்கு 10 விநாடி தண்டனை விதிக்கப்பட்டது. பந்தயத்தை இழந்த லெக்லெர்க்கே, பியாஸ்ட்ரியை மட்டும் குறைகூற முடியாது என்றார். அளவுகோலின்படி தீர்ப்பு சரி. தடத்தில் இருந்தவரின் கண்ணுக்கு அது முழுமையாகச் சரியில்லை. அந்தோனெல்லி இடம் விட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு அச்சுகளை அளக்கும் விதியில் விடை இல்லை.

தொழில்நுட்ப விதிகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. நவம்பர் மாதம் லாஸ் வேகாஸ் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த நோரிஸும் நான்காவதாக வந்த பியாஸ்ட்ரியும், காரின் அடிப்பலகை அனுமதிக்கப்பட்ட 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். நோக்கம் என்ன, ஆதாயம் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. அளவுக்கருவி காட்டியதே முடிவு. பட்டப் போட்டியில் முதலிடத்தில் இருந்த நோரிஸுக்கு 18 புள்ளிகள் போயின. ஆனாலும் தீர்ப்பு பாரபட்சமானது என்ற குரல் பெரிதாக எழவில்லை. கடுமையான தண்டனையைக்கூட, அனைவருக்கும் ஒன்றே என்று தெரிந்தால், தோற்றவர்கள் ஏற்றுக்கொள்கின்றனர்.

பட்டம் முடிவான அபுதாபி பந்தயத்திலும் ஒரு சோதனை நேர்ந்தது. வெர்ஸ்டாப்பனின் அணித் தோழரான ஜப்பான் வீரர் யூகி சுனோடா, தம்மை முந்த முயன்ற நோரிஸைத் தடுக்க இருபுறமும் மாறி மாறித் திரும்பினார். நோரிஸ் தடத்துக்கு வெளியே சென்று முந்தினார். ஹாக்கன்ஹைமில் வெட்டலைத் தண்டித்த அதே குற்றச்சாட்டு. நோரிஸுக்குத் தண்டனை கிடைத்து இடம் சரிந்திருந்தால் பட்டமே கைமாறியிருக்கலாம். சுனோடாவின் செயலே நோரிஸை வெளியே தள்ளியது எனக் கண்ட நடுவர்கள், சுனோடாவுக்கு ஐந்து விநாடி தண்டனை விதித்து நோரிஸை விட்டுவிட்டனர். எந்த முடிவு யாருக்குப் பட்டத்தைத் தரும் என்பது அந்த அறையில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருக்கும். செயலைப் பார்த்து முடிவெடுத்தனர். அது நோரிஸுக்குச் சாதகமாக அமைந்தது.

நடுவர்கள் தவறும்போது என்ன செய்வது? புதிய, முக்கியமான, முன்பு கிடைத்திராத சான்று இருந்தால் மறுஆய்வு கோர அணிகளுக்கு உரிமை உண்டு. பெரும்பாலான கோரிக்கைகள் முதல் படியிலேயே நிராகரிக்கப்படும். 2025-இல் நெதர்லாந்தின் சான்ட்ஃபோர்ட் பந்தயத்தில் லியாம் லாசனுடன் மோதியதற்காக ஸ்பெயின் வீரர் கார்லோஸ் சைன்ஸுக்கு 10 விநாடி தண்டனையும் உரிமப் புள்ளிகளும் விதிக்கப்பட்டன. வில்லியம்ஸ் அணி கூடுதல் காணொளிகளுடன் மறுஆய்வு கோரியது. அது யாருடைய முழுக் குற்றமும் அல்லாத பந்தயச் சம்பவம் என்று நடுவர்கள் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டு, உரிமத்தில் சேர்த்த புள்ளிகளை நீக்கினர். பந்தயத்தின்போதே சைன்ஸ் நின்று கழித்துவிட்ட 10 விநாடிகளைத் திருப்பித் தர வழியில்லை. அவர் 13-ஆவதாக முடித்ததாகவே பதிவு உள்ளது.